நீட்டிப் பாட முடியாத சொல்

நட்பு என்ற சொல்லை நீட்டிப் பாட முடியாது. தமிழ்ப்பள்ளியில் 9 வருடமாக இலக்கணம் நடத்துகிறேன். இப்படிச் சொல்லின் கடைசியில் குறுகி ஒலிக்கும் ‘உ’வுக்கு, அதாவது குற்றியலுகரத்துக்கு, அரை மாத்திரைதான் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் அது எனக்கு உறைத்தது கோலாலம்பூர் செந்தூலில், அடுக்குமாடி வீடு ஒன்றின் பின்னறையில், மைக் முன்னால் நின்றபோதுதான். பல்லவியின் கடைசிச் சொல் நான்கு தட்டுக்கு நீண்டு நிற்க வேண்டும். அங்கே ‘நட்பு’ என்று எழுதி வைத்திருந்தேன். ‘ட்’டில் நாக்கு மேலே முட்டி நின்றுவிடுகிறது, ‘பு’வில் உதடு குவிந்துகொள்கிறது. விடாமல் இழுத்தால் ‘நட்பூ’ என்று பூவாகிவிடுகிறது. ஏழு தடவை பாடிப் பார்த்தேன். கீபோர்ட் முன்னால் உட்கார்ந்திருந்தவன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “மெட்டு சரியாத்தான் இருக்கு. சொல்லை மாத்து” என்றான்.

அவன் என் நண்பன். அதற்கு முன்னால் ஐந்து வருடம் நாங்கள் காதலித்தோம். பிரிந்துபோன இரண்டு பேர் நண்பர்களாக இருக்க முடியுமா என்பதுதான் அந்தப் பாட்டு. அதை நாங்கள் இரண்டு பேருமே சேர்ந்து செய்தோம். அவன் மெட்டு, என் வரிகள். இப்படி ஒரு பாட்டுச் செய்ய நினைக்கிறவர்களுக்கும், பாட்டெல்லாம் வேண்டாம், அந்த உறவைக் காப்பாற்றினால் போதும் என்று இருக்கிறவர்களுக்கும் உதவும் என்று நினைத்து எழுதுகிறேன்.

பிரிந்த கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். அவன் சிங்கப்பூரில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தான். நான்கு மாதம் என்னிடம் சொல்லவில்லை. வேலை கிடைத்த பிறகுதான் சொன்னான். அவன் போனதைவிட, சொல்லாமல் இருந்தான் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. 2022 மே மாதம் அவன் பஸ் ஏறினான். டிபிஎஸ் பஸ் நிலையத்துக்கு நான் வழியனுப்பப் போகவில்லை.

அவன் போன மூன்றாவது வாரமே ஒரு பாட்டு எழுதிவிட்டேன். ‘நாம் நண்பர்களாகவே இருப்போம், எனக்கு வருத்தமே இல்லை’ என்கிற மாதிரி. எழுதி முடித்த இரவு, நான் மிகப் பெருந்தன்மையாக நடந்துகொண்டதாகவே நம்பினேன். வாட்ஸ்அப்பில் அவனுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: “இதுல ஒவ்வொரு வரியிலும் என்னைத் திட்டுற.” எடுத்துப் படித்துப் பார்த்தேன். உண்மைதான். ‘நீ நன்றாக இரு’ என்று நான் எழுதியிருந்த இடத்தில் எல்லாம் ‘நீ செய்தது சரியா’ என்ற கேள்வி ஒளிந்திருந்தது.

அதனால் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். சூடு ஆறுவதற்குள் எழுதுங்கள், தப்பில்லை, மனசு கொஞ்சம் இலகுவாகும். ஆனால் அதை நட்புப் பாட்டு என்று யாருக்கும் அனுப்பாதீர்கள், முக்கியமாக அவருக்கு அனுப்பாதீர்கள். நான் அந்தத் தாளை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டேன். அதிலிருந்து கடைசியில் தேறியது ஒரே ஒரு வரி.

அப்புறம் 11 மாதம் பேச்சே இல்லை. அவன் எண்ணை நான் பிளாக் செய்யவில்லை, அறிவிப்பை மட்டும் அணைத்து வைத்தேன். இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் பிளாக் செய்திருந்தால் திரும்பத் திறப்பதற்கு ஒரு நாள், ஒரு காரணம், ஒரு விளக்கம் எல்லாம் தேவைப்பட்டிருக்கும். அணைத்து வைத்ததில் கதவு சாத்தியிருந்தது, பூட்டு இல்லை. அந்த மாதங்களில் அவன் போடும் ஸ்டேட்டஸைப் பார்ப்பதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். முதல் ஆறு வாரம் கஷ்டமாக இருந்தது, பிறகு மறந்தே போனேன். இரண்டு பேருக்கும் பொதுவான சிநேகிதர்களிடம் ‘அவன் எப்படி இருக்கான்’ என்று கேட்பதையும் நிறுத்தினேன். அவர்கள் பாவம், இரண்டு பக்கமும் செய்தி சுமந்து களைத்துப் போயிருந்தார்கள்.

திரும்பவும் பேச வைத்தது ஒரு டப்பா.

2021 தீபாவளிக்கு முன்னால் அவன் அம்மா மாங்காய் ஊறுகாய் போட்டுக் கொடுத்த டப்பர்வேர் டப்பா அது. நீல மூடி. கோயில் அன்னதானத்துக்கும் கல்யாண வீட்டுக்கும் எடுத்துப் போனால் மாறிவிடக் கூடாது என்று அடியில் நெயில் பாலிஷால் ‘ர’ என்று எழுதியிருப்பார். அந்த சிவப்பு எழுத்து பாதி உரிந்து, ‘ர’வின் ஒரு கால் மட்டும் மிச்சம் இருந்தது. ஊறுகாய் எப்போதோ தீர்ந்துவிட்டது. எத்தனை தடவை கழுவினாலும் மூடியின் உள்விளிம்பில் கடுகு எண்ணெய் வாசம் நின்றது. ஒரு நாள் அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது அதைக் கையில் எடுத்து, “இதை அவங்க வீட்டுல கொடுத்துடணும்மா” என்றேன்.

அம்மா உடனே, “வெறும் டப்பாவா கொடுக்காதே. கொஞ்சம் சீனியாவது போட்டுக் கொடு. வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுத்தா உறவு விட்டுப்போகும்” என்றார்.

“உறவுதான் விட்டுப்போச்சேம்மா.”

“உங்களோடது விட்டுப்போச்சு. அவங்கம்மாவோட எனக்கு என்ன சண்டை?”

எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்தது. 11 மாதமாக நானும் அவனும் மட்டும்தான் பிரிந்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நோன்புக் கஞ்சி வந்தால் இந்த வீட்டுக்கு ஒரு பங்கு, பத்துமலை போனால் அந்த வீட்டுக்குத் திருநீறு என்று இரண்டு அம்மாக்கள் ஓட்டிக்கொண்டிருந்த போக்குவரத்தையும் எங்களை அறியாமல் நாங்கள் நிறுத்தியிருந்தோம். பெற்றோர் பார்த்து, சரி என்று சொல்லி, ஐந்து வருடம் வீட்டுக்குள் வந்துபோன காதல் முறியும்போது, அதில் எத்தனை பேர் பிரிகிறார்கள் என்று ஒரு தாள் எடுத்து எழுதிப் பாருங்கள். அவர்களில் யாருடன் உங்களுக்குச் சண்டை இல்லையோ, அவர்களோடு பழக்கத்தை நீங்கள் முறிக்க வேண்டியதில்லை. எனக்கு இதைச் சொல்லித் தந்தது என் அம்மா.

சீனி போட்டு நிரப்பி எடுத்துப்போனேன். அவன் அப்போது வேலை முடிந்து ஊர் திரும்பியிருந்தான் என்பது எனக்குத் தெரியாது. கதவைத் திறந்தது அவனே. ஆண்ட்டி உள்ளே இருந்து, “யாரு, பசியாறியாச்சான்னு கேளு” என்றார், நான் நேற்றும் வந்திருந்ததைப் போல.

அடுத்த சனிக்கிழமை தித்திவாங்சா ஏரித் தோட்டத்தில் சந்தித்தோம். இடத்தை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் வழக்கமாக உட்காரும் மாமாக் சாப்பாட்டுக் கடை வேண்டாம், அந்த மேசைக்கு எல்லாம் தெரியும். இரவு வேண்டாம். காலை எட்டு மணி, ஏரியைச் சுற்றி ஒரு நடை, முடிந்ததும் அவரவர் வீடு. முகத்தைப் பார்த்து உட்காருவதைவிடப் பக்கத்தில் நடந்துகொண்டே பேசுவது எளிது. சொல்ல முடியாத இடம் வரும்போது ஏரியைப் பார்க்கலாம். இதே நிலையில் இருக்கிறவர்கள் என்னிடம் கேட்டால் நான் முதலில் சொல்வது இந்த நடைதான். முதல் மூன்று சந்திப்பும் பகலில், வெளியில், ஒரு மணி நேரத்துக்குள் இருக்கட்டும். சாப்பாட்டுக்கு நீள வேண்டாம். இரவு பத்து மணிக்கு மேல் செய்தி அனுப்ப வேண்டாம். இது ஏதோ அலுவலக விதி மாதிரி இருக்கிறது என்று அவன் சொன்னான். இருக்கட்டும் என்றேன். பத்து மணிக்கு மேல் வரும் ‘தூங்கலையா’ என்ற ஒரு கேள்வி என்ன செய்யும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

பாட்டு யோசனை அவனுடையது. மூன்றாவது நடையில், “நீ அன்னிக்கு அனுப்பினது இன்னும் இருக்கா?” என்று கேட்டான்.

அவன் பழைய ஆங்கிலப் பாட்டுகளில் ஊறியவன். வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் மூன்று பாட்டுகளைப் போட்டுக் காட்டினான். முதலாவது பாடகர் டாட் ரன்ட்கிரென் 1978-ல் வெளியிட்ட ‘கேன் வீ ஸ்டில் பீ ஃபிரெண்ட்ஸ்’. இனியும் நாம் நண்பர்களாக இருக்கலாமா என்றே தலைப்பு. அழகான பாட்டு. ஆனால் அந்த ஆல்பம் முழுவதிலும் எல்லா வாத்தியத்தையும் அவரே வாசித்து, எல்லாக் குரலையும் அவரே பாடியிருக்கிறார் என்று அவன் சொன்னதும் எனக்கு அது வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தது. இரண்டு பேர் நட்பைப் பற்றிய கேள்வி, பதில் சொல்ல அந்த அறையில் இன்னொருவர் இல்லை. நான் முதலில் எழுதிய பாட்டும் அப்படித்தான் இருந்தது.

இரண்டாவது, கோட்யே 2011-ல் பாடகி கிம்ப்ராவுடன் பாடிய ‘சம்படி தட் ஐ யூஸ்ட் டு நோ’. அதில் ஆண் தன் வருத்தத்தை எல்லாம் கொட்டுகிறான். நாம் அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். பாதிப் பாட்டுக்கு மேல் ஆன பிறகு திடீரென்று அவள் குரல் வருகிறது, அவளுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அந்த ஒரு சரணத்தில் அதுவரை கேட்டதெல்லாம் திரும்பிக்கொள்கிறது.

மூன்றாவது, அப்பா (ABBA) என்ற இசைக் குழுவின் 1980-ஆம் வருடத்துப் பாட்டு, ‘தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்’. வரிகளை எழுதிய பியோர்ன் உல்வேயஸும் முன்னின்று பாடிய அக்னேதாவும் கணவன் மனைவியாக இருந்து பிரிந்தவர்கள். பிரிந்த பிறகு பியோர்ன் எழுத, அக்னேதா பாடினார். அது அப்படியே தங்கள் கதை இல்லை என்று பியோர்ன் சொல்லியிருக்கிறார். அதை நான் நம்புகிறேன். எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. அந்தக் குழு 1981-க்குப் பிறகு புது ஆல்பம் எதுவும் போடாமல் இருந்து, 40 வருடம் கழித்து 2021-ல் நான்கு பேரும் மறுபடி சேர்ந்து ஒன்று போட்டார்கள். இரண்டு ஜோடியும் பிரிந்தவர்கள். ஒரே அறையில் நின்று பாட முடிந்திருக்கிறது.

இனி சொல் தேடிய கதை. இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

தமிழ்ப் பாட்டில் காதல் இருக்கிறது, காதல் தோல்வி இருக்கிறது, சூப் சாங் என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டோம். நட்புப் பாட்டும் உண்டு, ஆனால் அது கல்லூரி வாசலில் தோளில் கை போட்டு நிற்கிற நட்பு. காதலித்துப் பிரிந்த ஒருவரைக் குறிக்க வாயில் நிற்கும் சொல் ஒன்றுகூட நமக்கு இல்லை. ‘முன்னாள் காதலன்’ என்றால் பத்திரிகைச் செய்தி மாதிரி இருக்கிறது, முன்னாள் அமைச்சர், முன்னாள் மாணவர் வரிசையில் போய் நிற்கிறது. இங்கே கோலாலம்பூரில் எல்லோரும் ‘எக்ஸ்’ என்றே சொல்கிறோம். அதைப் பாட முடியாது, துப்பத்தான் முடியும்.

மலாயில் ‘பெக்காஸ்’ என்கிறார்கள். பள்ளியில் சக ஆசிரியை ஒருவர் பேச்சுவாக்கில் அந்தச் சொல்லைச் சொன்னபோது நின்றுவிட்டேன். பெக்காஸ் என்றால் முன்னாள். பெக்காஸ் என்றால் பாத்திரம், டப்பா. பெக்காஸ் என்றால் தழும்பு, விட்டுப்போன தடம். மூன்றுக்கும் ஒரே சொல். ‘ர’ என்று எழுதிய அந்த நீல மூடி டப்பா கண் முன்னால் வந்தது. அன்று பள்ளி விட்டதும் ஆசிரியர் அறையிலேயே உட்கார்ந்து இரண்டாவது சரணத்தை எழுதி முடித்தேன்:

ஊறுகாய் தீர்ந்துபோச்சு, டப்பா மட்டும் இருக்கு
வெறுசா எப்படிக் கொடுப்பேன், கொஞ்சம் சீனி இருக்கு

பல்லவிதான் இழுத்தடித்தது. ‘நட்பு’ போய்விட்டது. ‘நண்பன்’ கடைசியில் ‘ன்’னில் வாய் மூடிக்கொள்கிறது, மூக்கில்தான் நீட்ட வேண்டும். ‘தோழா’ நன்றாகத் திறந்து நீளும், ஆனால் தொழிற்சங்கக் கூட்டத்தில் நிற்பதைப் போல இருந்தது. ‘சிநேகம்’ அழகு, எங்கள் பாட்டி காலத்துச் சொல், எங்கள் இரண்டு பேர் வாயிலும் வராது. அவன் தத்தகாரத்தைப் பாடி அனுப்பியிருந்தான்: தனனனா தானா. காரில் போகும்போதெல்லாம் அதையே போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சொல் வந்தது வகுப்பில். ஒரு பையன் எழுந்து, “டீச்சர், நான் இப்ப சைக்கிள் பழகுறேன்” என்றான். அவ்வளவுதான். ‘ஐந்து வருஷம் பழகினோம்’ என்றால் காதல். ‘நல்லாப் பழகுவாங்க’ என்றால் நட்பு. ‘கார் பழகுறேன்’ என்றால் விழுந்து எழுந்து கற்றுக்கொள்வது. ‘இருட்டு பழகிருச்சு’ என்றால் முதலில் கஷ்டமாக இருந்தது இப்போது பரவாயில்லை என்று அர்த்தம். எங்களுக்கு நடந்த நான்கையும் சொல்ல ஒரே சொல் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. ‘பழகலாமா’ என்று கேட்டால் ‘லா’ நீளும், ‘மா’ வாயைத் திறந்தபடி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கும்:

பழகின வழியில் புதுசா நடக்கலாமா
பழகின பேரைப் புதுசா அழைக்கலாமா
இருந்தது போகட்டும், இருப்பதைப் பார்க்கலாமா
மறுபடி மறுபடி பழகலாமா

வரி எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நீளும் ஸ்வரம் எங்கே வருகிறதோ அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே நெடில் வேண்டும், முடிந்தால் ஆ அல்லது ஏ. அதை முடிவு செய்த பிறகு எதுகை மோனைக்குப் போங்கள். நான் இத்தனை நாள் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன்.

‘பேரைப் புதுசா அழைக்கலாமா’ என்ற வரி சும்மா வரவில்லை. காதலித்தபோது நான் அவனை ‘டா’ போடுவேன், அவன் ‘டி’ போடுவான். திரும்பப் பேச ஆரம்பித்தபோது இரண்டு பேருக்கும் அது வாயில் வரவில்லை. ‘நீங்க’ என்றால் வங்கியில் பேசுகிற மாதிரி இருந்தது. ஒரு மாதம் போல எதுவும் போட்டு அழைக்காமலே சமாளித்தோம். கடைசியில் பெயர் சொல்லி, ‘நீ’ என்று நின்றது. இதைப் பற்றி நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் பேசி வைத்துக்கொள்வது நல்லது என்றே இப்போது நினைக்கிறேன். பழைய செல்லப் பெயர் ஒன்று அவசரத்தில் வாயில் வந்துவிட்டால் அன்று முழுவதும் சங்கடம்.

அவன் பக்கத்தை எழுதும்போது ஒரு தகராறு வந்தது. கோட்யே பாட்டில் வருகிற மாதிரி இரண்டாவது குரல் வேண்டும் என்று அவனுக்கும் நானே ஒரு சரணம் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, “என் பக்கத்தையும் நீயே எழுதினா அது எப்படி என் பக்கம்?” என்றான். சரி, நீயே எழுது என்றேன். மூன்று வாரம் கழித்து இரண்டே வரி அனுப்பினான்:

கேட்டிருந்தா சொல்லிருப்பேன், நீ கேக்கல
கேக்காட்டியும் சொல்லிருக்கணும், நான் சொல்லல

எனக்குள் இருக்கும் ஆசிரியைக்குக் கை பரபரத்தது. சந்தம் ஓரிடத்தில் இடிக்கிறது, ‘சொல்லிருப்பேன்’ என்பதைச் ‘சொல்லியிருப்பேன்’ ஆக்க வேண்டும் என்றெல்லாம். திருத்தவில்லை. ஐந்து வருடத்தில் அவன் என்னிடம் கேட்ட மன்னிப்பு அது. அதை அவன் வாயாலேயே அவனே பாடட்டும் என்று விட்டுவிட்டேன். மெட்டைத்தான் அவன் அந்த இடத்தில் கொஞ்சம் வளைத்துக்கொண்டான்.

இப்போது தாள் விஷயம். இதைக் காதலித்தவர்கள் மட்டுமல்ல, சேர்ந்து பாட்டுச் செய்கிற சிநேகிதர்கள் எல்லோருமே கவனிக்க வேண்டும். காதலித்த நாட்களில் நாங்கள் நான்கு பாட்டு செய்தோம், யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஒரு வரி எழுதி வைக்கவில்லை. நமக்குள் என்ன என்றுதான். பிரிந்தபோது அந்த நான்கும் அநாதையாகிவிட்டன, கேட்கவும் கூச்சம், விடவும் மனசில்லை. இந்தப் பாட்டுக்கு அவன் முதல் நாளே ஒரு ஏ4 தாளைக் கொண்டுவந்தான். பாட்டின் தலைப்பு, இரண்டு பேர் பெயர், அடையாள அட்டை எண், மெட்டு யாருடையது, வரி யாருடையது, எத்தனை சதவீதம், தேதி, கையெழுத்து. மெட்டும் வரியும் சேர்ந்த உரிமையில் ஆளுக்கு 50 என்று முதலில் எழுதினோம். அவன் இரண்டு வரி எழுதிய பிறகு நான் அதை அவனுக்கு 55, எனக்கு 45 என்று மாற்றச் சொன்னேன். அவன் வேண்டாம் என்றான், நான் விடவில்லை. ஒலிப்பதிவு வேறு சொத்து என்பதால் அதற்குத் தனி வரி. மிக்ஸிங்குக்கு ஆன 900 ரிங்கிட் அவன் கொடுத்தது, அட்டைப் படத்துக்கான 250 நான் கொடுத்தது, அதையும் எழுதினோம். கடைசியில் ஒன்று சேர்த்தோம்: இந்தப் பாட்டை விளம்பரத்துக்கோ படத்துக்கோ யாராவது கேட்டால், இரண்டு பேரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் வேண்டாம்தான். காரணம் சொல்லத் தேவையில்லை.

நம் மலேசியாவில் 1987-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டை எழுதியோ பதிவு செய்தோ வைத்த உடனே உரிமை வந்துவிடுகிறது, எங்கும் பதிந்தால்தான் என்று இல்லை. ஆனால் நாளைக்கு ஒரு வழக்கு என்று வந்தால் ஆதாரம் கையில் இருக்க வேண்டும். விரும்பினால் மைஐபோ என்ற அரசு அறிவுசார் சொத்துக் கழகத்தில் அறிவிப்பாகப் பதிந்துவைக்கலாம், 2012 முதல் அந்த வசதி இருக்கிறது. வானொலியிலும் கடைகளிலும் மேடையிலும் பாட்டு ஒலித்தால் வரி எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் வர வேண்டிய பணத்தை வசூலிக்க எம்ஏசிபி என்ற அமைப்பு இருக்கிறது. இரண்டு பேரும் தனித்தனியாக உறுப்பினராகி, ஒரே சதவீதத்தை இரண்டு பேரும் கொடுக்க வேண்டும். ஒருவர் 50 என்றும் மற்றவர் 60 என்றும் எழுதினால் சிக்கல்தான்.

எழுதியவர் காலமாகி 50 வருடம் வரை அந்த உரிமை இருக்கும் என்று அவன் படித்துச் சொன்னான். அறையில் கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. கல்யாணப் பதிவுத் தாளில் போட வேண்டும் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்த இரண்டு கையெழுத்து, இந்தத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது. நாங்கள் உண்மையாகவே நண்பர்களாகிவிட்டோம் என்று எனக்குத் தெரிந்தது அன்றுதான். ஒருவர் மற்றவரை ஏமாற்ற வழி இல்லாமல் செய்துகொண்ட பிறகு மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

ஒலிப்பதிவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சுவரில் மெத்தையைச் சாய்த்து, மின்விசிறியை நிறுத்தி, வியர்த்து வடிந்துகொண்டு பாடினேன். பாங்கு சொல்லும் நேரத்தையும் கொமுட்டர் ரயில் போகும் நேரத்தையும் சுவரில் எழுதி ஒட்டியிருந்தான். முதலில் மெட்டு மெதுவாக, மைனர் ஸ்கேலில் இருந்தது, பாடினால் ஒப்பாரியாக வந்தது. மேஜருக்கு மாற்றினால் தீபாவளி விளம்பரம் மாதிரி ஆனது. கடைசியில் சரணம் மைனரிலும் பல்லவி மேஜரிலும் வைத்து, வேகத்தை நிமிடத்துக்கு 92 தட்டாகக் கூட்டினான். நடக்கிற வேகம் அது. தித்திவாங்சாவில் எங்கள் கால் போன வேகம் என்று சொன்னான்.

பாட்டு முடிந்து இரண்டு வாரம் கழித்து, வெளியிடுவதற்கு முன்னால், அவன் கல்யாணம் செய்துகொள்ளப் போகிற பெண்ணுக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்றான். நிச்சயம் ஆகியிருந்தது. தாதியாக வேலை செய்கிறவள், என்னைவிட ஐந்து வயது சின்னவள். நான் பயந்துகொண்டுதான் போனேன். காதில் இயர்போன் வைத்து, கண்ணை மூடி, இரண்டு தடவை கேட்டாள். அப்புறம், “ரொம்ப நல்லாருக்கு அக்கா. ஒரே ஒரு வரி மட்டும்” என்றாள்.

மேசை இழுப்பறையிலிருந்து நான் எடுத்த பழைய வரி அது. ‘உன் தலைமுடி வாசம் என் தலையணையில் இன்னும்.’ முதல் பாட்டில் தேறியது என்று சொன்னேனே, அதுதான். எனக்கு முதலில் கோபம் வந்தது. என் அனுபவம், என் வரி, ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தது. வீட்டுக்கு வந்து அவள் இடத்தில் உட்கார்ந்து யோசித்தேன். இந்தப் பாட்டு கார் ரேடியோவில் வரும், கல்யாண வீட்டில் யாராவது போடுவார்கள், அவள் பக்கத்தில் அவன் உட்கார்ந்திருப்பான். நட்பைப் பற்றிய பாட்டில் தலையணைக்கு என்ன வேலை? அவள் சொல்லாமல் இருந்திருந்தால் நானாக அதைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன். ‘நீ விட்டுப்போன குடை என் கதவு மூலையில் இன்னும்’ என்று மாற்றினேன். குடையும் நிஜம்தான். கோலாலம்பூரில் மாலை மழைக்கு யார் வீட்டிலாவது யாருடைய குடையாவது தங்கித்தான் போகிறது. மாற்றிய பிறகு அந்தச் சரணம் டப்பாவோடு நன்றாகப் பொருந்திக்கொண்டது.

அதனால், பிரிந்தவரோடு நட்பாக இருக்கும்போது மூன்றாவதாக ஒருவர் வந்தால், அவரிடம் எதையும் மறைக்காதீர்கள். மனதில் உள்ளதை அவர் சொல்லவும் நேரம் கொடுங்கள். அவர் ‘பரவாயில்லை’ என்று சொன்ன உடனே நம்பிவிடாமல் இரண்டாவது தடவையும் கேளுங்கள்.

வெளியிட்ட பிறகு ஒரு கசப்பு. இணைய நிகழ்ச்சி ஒன்றில் பேட்டிக்கு அழைத்தார்கள். சொந்தக் கதை வேண்டாம், பாட்டைப் பற்றி மட்டும் என்று வாயால் ஒத்துக்கொண்டார்கள். கேமரா ஓட ஆரம்பித்ததும் முதல் கேள்வி: “யார் யாரை விட்டுட்டுப் போனது?” அவன் முகம் வெளிறிவிட்டது. நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உடைந்த இதயப் படத்தோடு தலைப்பும் போட்டார்கள். எழுதிக் கேட்ட பிறகு, இரண்டு நாள் கழித்துத்தான் மாற்றினார்கள். அந்த இரண்டு நாளில் அவன் மாமியாராகப் போகிறவர் அதைப் பார்த்துவிட்டார். பேட்டிக்குப் போவதென்றால் எதைக் கேட்கக் கூடாது என்பதைச் செய்தியாக எழுதி அனுப்பி, ‘சரி’ என்ற பதிலை வாங்கிய பிறகே போங்கள். அதோடு, கேள்வி வந்தே தீர்ந்தால் இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொல்வது என்று வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பதில் இப்போது தயார்: “அது பாட்டில் இருக்கு, கேளுங்க.”

பாட்டு பெரிய அளவில் ஓடவில்லை. வானொலியில் அவ்வப்போது வருகிறது. ஒரு தடவை பிரிக்ஃபீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையோரக் கடையில் வடை வாங்கிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து கேட்டது. வடை சுடுகிற அம்மா கரண்டியைப் பிடித்தபடி, ‘கொஞ்சம் சீனி இருக்கு’ என்ற இடத்தை மட்டும் கூடவே முணுமுணுத்தார். நான்தான் எழுதியது என்று சொல்லத் தோன்றவில்லை. மசால் வடை நான்கு கேட்டேன், ஐந்து போட்டுக் கொடுத்தார்.

போன தீபாவளிக்கு அவர்கள் வீட்டுத் திறந்த இல்ல விருந்துக்கு அம்மாவும் நானும் போனோம். கிளம்பும்போது அவன் மனைவி உள்ளே போய் ஒரு டப்பாவோடு வந்தாள். நீல மூடி. அச்சு முறுக்கு, அவளே சுட்டதாம். வீட்டுக்கு வந்து கவிழ்த்துப் பார்த்தேன், அடியில் ‘ர’ புதிதாக, சிவப்பாக எழுதியிருந்தது. முறுக்கு தீர்ந்து வாரம் ஒன்றாகிறது. நேற்று அம்மா அதைக் கழுவித் துடைத்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, “இந்தத் தடவை சீனி வேண்டாம், நெய் உருண்டை பிடிக்கலாமா?” என்று கேட்டார். பயத்தமாவு வாங்க இன்று மாலை மஸ்ஜித் இந்தியா பக்கம் போக வேண்டும்.